டிரம்மைத் திறக்கும் முன்: சில்லர் பார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பால் பண்ணைகளிலும் ஐஸ்கிரீம் கூடங்களிலும் மீன் பதனிடும் நிலையங்களிலும் சில்லர் ஓட்டும், சில்லர் பழுது பார்க்கும் தோழர்களுக்கு,



சித்திரை பிறந்ததும் எனக்கு ஒரு போன் வரும். ஊர் மாறும், குரல் மாறும், விஷயம் மாறாது. "சார், சில்லர் கூலிங் எடுக்கல. ரெண்டு டிரம் கிளைக்கால் ஊத்திட்டோம். அப்பவும் எடுக்கல. இன்னொண்ணு ஊத்தட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இந்த முறை எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஐடிஐ முடித்து நேற்று வேலைக்குச் சேர்ந்த தம்பிகளையும், கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடும் மூத்தவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

கிளைக்காலுக்குக் குளிரை உண்டாக்கும் சக்தி கிடையாது. குளிர் உண்டாவது எவாபரேட்டரில். அங்கிருந்து பால் ஓடும் பிளேட் வரைக்கும் அதைச் சுமந்து போவது தண்ணீர். வழியில் தண்ணீர் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் கிளைக்காலின் வேலை. அந்த வேலைக்கு அது கேட்கும் கூலி அதிகம். தண்ணீரின் வெப்பம் தாங்கும் திறனைக் கொஞ்சம் குறைக்கும், வெப்பம் கடத்தும் திறனை அதைவிட அதிகமாகக் குறைக்கும், பாகுநிலையை மடங்குகளில் ஏற்றிவிடும். நாம் வாங்கும்போது பார்ப்பதோ உறைநிலை என்ற ஒரே எண்ணை. டிரம் விற்பவரும் அந்த ஒன்றைத்தான் சொல்வார். "மைனஸ் முப்பது வரைக்கும் உறையாது சார், பயப்படாதீங்க." நம் சில்லர் மைனஸ் முப்பதுக்குப் போகவே போகாதே என்று அந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பால் நிலையத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். மைனஸ் 4 டிகிரியில் கிளைக்கால் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 1-ஐத் தாண்டி இறங்கவில்லை. சக்ஷன் பிரஷர் கீழே விழுந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லோ பிரஷரில் ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. பிரஷர் விழுந்தால் எவாபரேட்டர் உறைகிறது என்று பயந்து, ட்ரிப் ஆகும்போதெல்லாம் கிளைக்கால் சேர்த்திருக்கிறார்கள். டேங்கிலிருந்து ஒரு டம்ளரில் மொண்டு சாய்த்துப் பார்த்தேன். விளிம்பில் வழிந்த சொட்டு உடனே விழாமல், இழுபட்டு, யோசித்து விழுந்தது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது கரண்டியைத் தூக்கிப் பதம் பார்ப்போமே, அதன் ஆரம்பப் பதம். ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் 50 விழுக்காட்டுக்கு மேல் புரோப்பிலீன் கிளைக்கால். அந்த நிலையத்துக்கு 33 விழுக்காடு போதும்.

டேங்கில் ஒரு பகுதியை இறக்கித் தனியாக டிரம்களில் சேர்த்துவிட்டு, அந்த இடத்துக்கு உப்பு நீக்கிய தண்ணீரை ஊற்றினோம். அன்று சாயங்காலமே மைனஸ் 4 வந்துவிட்டது. கம்ப்ரஸரில் ஒரு நட்டைக்கூடத் திருகவில்லை.

நடந்தது இதுதான். கலவை கெட்டியானதும் எவாபரேட்டர் குழாய்க்குள் ஓட்டம் மந்தமானது. திரவத்தின் வெப்பம் சுவருக்கு ஏறவில்லை. ஏற வேண்டிய வெப்பம் ஏறாததால் ரெஃப்ரிஜிரென்ட் இன்னும் குளிர்ந்த நிலையில் ஆவியாக வேண்டி வந்தது, சக்ஷன் பிரஷர் விழுந்தது. நோய்க்கு மருந்து என்று நினைத்து நோயையே திரும்பத் திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பாகுநிலை என்று ஒன்று இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டிய எங்களைப் போன்றவர்கள் மேல்தான் வருத்தம்.

ஆகவே பாகுநிலையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம்.

0 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 1.8 சென்டிபாய்ஸ். மைனஸ் 5 டிகிரியில் 30 விழுக்காடு புரோப்பிலீன் கிளைக்கால் கலவைக்கு ஏறத்தாழ 9. அதே மைனஸ் 5-இல் 40 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 17, 50 விழுக்காட்டுக்கு 25. இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 30-ஐ 40 ஆக்குவது நமக்கு ஒரு டிரம், இரண்டு டிரம் சமாச்சாரம். திரவத்துக்கோ அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குளிரக் குளிர நிலைமை இன்னும் மோசமாகும். 40 விழுக்காட்டுக் கலவையை மைனஸ் 10-க்கு இறக்கினால் 23 ஆகிவிடும். எத்திலீன் கிளைக்கால் என்றால் அதே 40 விழுக்காட்டுக்கும் அதே மைனஸ் 10-க்கும் 9-தான்.

இது ஏன் முக்கியம் என்பதை 1883-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் காட்டினார். குழாயில் ஓடும் தண்ணீரின் நடுவே சாயத்தை நூல்போல விட்டார். மெதுவாக ஓடும்போது அந்த நூல் அறுபடாமல் கடைசிவரை நேராகப் போனது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் நூல் நெளிந்து, பிய்ந்து, குழாய் முழுக்கச் சாயம் கலந்துவிட்டது. நமக்கு வேண்டியது அந்தக் கலங்கல்தான். கலங்கி ஓடும் திரவம் ஒவ்வொரு துளியையும் குளிர்ந்த சுவரிடம் கொண்டுபோய்க் கொண்டுவரும். நூல்போல ஓடும் திரவத்தில் சுவரை ஒட்டிய படலம் மட்டும் குளிர்ந்துகொண்டிருக்க, நடுவில் போவது போன சூட்டோடே போய்விடும்.

கலங்குமா, நூலாக ஓடுமா என்பதைச் சொல்வது ரெனால்ட்ஸ் எண். அடர்த்தியை வேகத்தாலும் குழாய் விட்டத்தாலும் பெருக்கிப் பாகுநிலையால் வகுக்க வேண்டும். 2,300-க்குக் கீழே நூல், 4,000-க்கு மேலே நல்ல கலங்கல், நடுவில் இரண்டுங்கெட்டான். 25 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரித் தண்ணீருக்கு ஏறத்தாழ 16,000 வரும். மைனஸ் 10-இல் 40 விழுக்காடு எத்திலீன் கிளைக்காலுக்கு 3,000. அதே நிலையில் புரோப்பிலீனுக்கு 1,100. ஒரே பம்ப், ஒரே குழாய். வடிவமைக்கும்போது தண்ணீருக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு இதை ஓட்டினால் சில்லர் பாவம் என்ன செய்யும்?

பிளேட் எக்ஸ்சேஞ்சரில் தகட்டின் நெளிவுகள் திரவத்தை உடைத்துக்கொண்டே இருப்பதால் இன்னும் குறைந்த எண்ணிலேயே கலங்கல் வந்துவிடும். பால் பக்கத்தில் சமாளித்துவிட்டு எவாபரேட்டர் பக்கத்தில் மாட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கெட்டியான திரவத்தைத் தள்ள பம்புக்கும் கூடுதல் கரண்ட் வேண்டும். பம்ப் தின்னும் கரண்டில் பெரும்பகுதி கடைசியில் திரவத்திலேயே சூடாகச் சேர்கிறது. அந்தச் சூட்டை வெளியே தள்ளக் கம்ப்ரஸர் மறுபடி உழைக்க வேண்டும். போதாததற்கு, ஆவியாகும் வெப்பநிலை 1 டிகிரி இறங்கினால் கம்ப்ரஸரின் மின்செலவு 2 முதல் 3 விழுக்காடு ஏறும். முதலாளியிடம் பேசும்போது பாகுநிலையைச் சொல்லாதீர்கள், இதைச் சொல்லுங்கள்.

வெப்பம் தாங்கும் திறன் அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. ஒரு டிகிரிக்குத் தண்ணீர் கிலோவுக்கு 4.2 கிலோ ஜூல் தாங்கும் இடத்தில் 40 விழுக்காடு புரோப்பிலீன் கலவை ஏறத்தாழ 3.65 தாங்கும். கலவையின் அடர்த்தி சற்றே அதிகம் என்பதால், லிட்டர் கணக்கில் பார்த்தால் ஓட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் சரியாகிவிடும். இதில் எத்திலீனைவிடப் புரோப்பிலீன் ஒரு படி மேலே. வெப்பம் கடத்தும் திறனில் இரண்டும் தண்ணீரைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு, இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசமில்லை. தேர்வு பாகுநிலையில்தான் தீர்மானமாகிறது.

அப்படியானால் எத்திலீனையே ஊற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கணக்கு மட்டும் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் நம்மில் பாதிப் பேர் பாலுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறோம்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். உள்ளே போனால் உடம்பு அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்றும். அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். ஒரு பெரிய ஆளைக் கொல்ல 100 மில்லி அளவே போதும், குழந்தைக்கு அதைவிடக் குறைவு. பாலுக்கும் கிளைக்காலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத எவர்சில்வர் தகடு. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் யாருக்கும் தெரியாது. டேங்கில் மட்டம் குறைவதைப் பார்த்து "எங்கேயோ லீக்" என்று டாப் அப் செய்துகொண்டிருப்போம். ஆகையால் பால், பழச்சாறு, ஐஸ்கிரீம், மருந்து என்று வாய்க்குள் போகும் எதுவாக இருந்தாலும் உணவுத் தரப் புரோப்பிலீன் கிளைக்கால்தான். பாகுநிலையில் அது தரும் தொல்லையைப் பெரிய குழாயாலும் சரியான அளவாலும் சமாளிப்போம். பால் பக்க அழுத்தத்தைக் கிளைக்கால் பக்கத்தைவிட எப்போதும் கூடுதலாக வைத்திருங்கள். ஓட்டை விழுந்தாலும் பால்தான் கிளைக்காலுக்குள் போகும்.

வண்டிக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ட் டிரம் ஒன்றை ஒரு முறை பால் நிலையத்தின் ஸ்டோரில் பார்த்திருக்கிறேன். "இதுவும் கிளைக்கால்தானே சார், விலை குறைவு" என்றார் அந்தத் தம்பி. கள்ளமில்லாமல் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த டிரம்மை நானே வெளியே தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

உணவுத் தரம் என்று டிரம்மில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் இறந்தார்களே, அந்த மருந்தில் 48 விழுக்காட்டுக்கும் மேல் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்ததாகச் சோதனை சொன்னது. 1937-இல் அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1986-இல் மும்பையின் ஜேஜே மருத்துவமனையில் 14 பேர் இறந்ததற்கும் இதே டைஎத்திலீன் கிளைக்கால்தான் காரணம். புரோப்பிலீனைப் போலவே தோன்றும், இனிக்கும், மலிவாகக் கிடைக்கும். கண்ணாலோ நாக்காலோ பிரித்துவிட முடியாது. அதனால் ஒவ்வொரு பேட்சுக்கும் பகுப்பாய்வுச் சான்றிதழ் கேளுங்கள். எத்திலீன் கிளைக்காலும் டைஎத்திலீன் கிளைக்காலும் தனித்தனியே 0.10 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்கின்றன என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். மேலிடம் வற்புறுத்தினால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

இனி அளவு. எத்தனை விழுக்காடு என்று கேட்டால், வெளியே போகும் கலவையின் வெப்பநிலையை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. எவாபரேட்டருக்குள் சுவர் அதைவிடக் குளிர்ந்திருக்கும். கலவை மைனஸ் 4-இல் வெளியே வருகிறது என்றால் ரெஃப்ரிஜிரென்ட் மைனஸ் 9-இல் ஆவியாகிக்கொண்டிருக்கலாம். உறைநிலை அதற்கும் கீழே 5 அல்லது 6 டிகிரி தள்ளி இருக்கட்டும். ஆக மைனஸ் 15. எடைக் கணக்கில் 30 விழுக்காடு புரோப்பிலீன் கலவை மைனஸ் 12.7-இல் உறையத் தொடங்கும், 40 விழுக்காடு மைனஸ் 21-இல். நமக்கு வேண்டியது 33 பக்கம். அதோடு நிறுத்துங்கள். பாதுகாப்புக்கு என்று மேலே ஐந்து சேர்க்கும் பழக்கம் வேண்டாம், பாதுகாப்பை ஏற்கெனவே கணக்கில் சேர்த்தாகிவிட்டது.

ரொம்பக் குறைப்பதும் ஆபத்துதான். 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கிருமிகளுக்குக் கிளைக்கால் சாப்பாடாகிவிடும். புளித்த வாடை வரும், வடிகட்டியில் வழவழவென்று படலம் சேரும், கலவை அமிலமாகும், பிறகு குழாய் அரிக்கும்.

சில இடங்களில் கிளைக்காலே தேவையில்லை. நம் ஊரில் ஊட்டி, கொடைக்கானல் தவிர வெளியே குழாய் உறையும் குளிர் கிடையாது. 7 டிகிரித் தண்ணீரை ஓட்டும் ஏசி சில்லரில் எதற்குக் கிளைக்கால்? ஐஸ் பேங்க் டேங்க் இருந்து 1 டிகிரித் தண்ணீர் கிடைத்தால் பாலை 4 டிகிரிக்கு இறக்க அதுவே தாராளம். தண்ணீரைவிடச் சிறந்த திரவம் இந்த வேலைக்கு இன்னும் வரவில்லை. உறையும் என்ற ஒரு குறைக்காகத்தான் மற்றதெல்லாம். தண்ணீரால் முடிகிற இடத்தில் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் படகுகளுக்குக் கட்டி ஐஸ் போடும் ஃபேக்டரித் தோழர்கள் இதுவரை படித்துவிட்டு, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். உங்கள் உப்புத் தொட்டி இந்தத் திரவங்களுக்கெல்லாம் மூத்தது. கால்சியம் குளோரைடு பிரைன் மலிவு, கிளைக்காலைவிடப் பாகுநிலை வெகு குறைவு, 30 விழுக்காட்டுப் பக்கத்தில் மைனஸ் 50 வரைக்கும் உறையாமல் தாங்கும். சாதாரண உப்பு மைனஸ் 21-ஐத் தாண்டி ஒரு டிகிரிகூடத் தாங்காது. குளோரைடின் குணம் அரிப்பு. இரும்புத் தொட்டியையும் கேனையும் மெல்லத் தின்னும், எவர்சில்வர் தகட்டில் ஊசி ஊசியாகக் குழி பறிக்கும். பால் நிலையங்களில் பிரைன் இல்லாததற்கு அதுதான் காரணம். அரிப்பைத் தடுக்க டைகுரோமேட் போடும் பழைய வழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது புற்றுநோய் உண்டாக்கும். வெறும் கையைத் தொட்டிக்குள் விடும் வழக்கம் நமக்கு இருக்கிறது.

பொட்டாசியம் ஃபார்மேட் என்று ஒன்றை இப்போது கொண்டுவந்து காட்டுகிறார்கள். மைனஸ் 30, 40 என்று போக வேண்டியவர்களுக்கு அது நல்ல திரவம், அந்தக் குளிரிலும் தாராளமாக ஓடும். விலை அதிகம், துத்தநாகத்தோடு ஆகாது. சுவீடனில் தரையிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்புகளுக்கு எத்தனால் கலந்த தண்ணீரை ஊற்றுகிறார்கள், நிலத்தடி நீருக்குள் கசிந்தாலும் சீக்கிரம் மக்கிவிடும் என்பதால். தீப்பற்றும் பொருளை நம் பிளான்ட் ரூமுக்குள் நான் விடமாட்டேன். இந்தத் திரவங்கள் எல்லாவற்றின் உறைநிலை, அடர்த்தி, பாகுநிலை, வெப்பக் குணங்களை அதே சுவீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓக்கே மெலிண்டர் வருடக்கணக்கில் தொகுத்து, பன்னாட்டுக் குளிர்பதனக் கழகம் 2010-இல் புத்தகமாக வெளியிட்டது. அந்த எண்கள் கூல்ப்ராப் என்ற இலவச மென்பொருளிலும் இருக்கின்றன. கம்ப்யூட்டர் தெரிந்த தம்பிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். விற்பவர் நீட்டும் நோட்டீசை நம்பியிருக்கும் நிலை அதோடு போய்விடும்.

கலக்கும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கிளைக்காலில் அரிப்பைத் தடுக்கச் சேர்த்திருக்கும் பாஸ்பேட், கடினநீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். தடுப்பான் போய்விட்டால் கிளைக்கால் தண்ணீரைவிட வேகமாகக் குழாயைத் தின்னும். உப்பு நீக்கிய தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ ஊற்றுங்கள். ஜிஐ குழாய் போடாதீர்கள். துத்தநாகப் பூச்சு தடுப்பானோடு வினைபுரிந்து சேறாகும். நம் ஊரில் குழாய் என்றாலே ஜிஐதான் என்பதால் இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஜிஐ வேண்டாம்.

ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். எத்திலீனுக்கான அளவுகோலும் புரோப்பிலீனுக்கான அளவுகோலும் வேறு வேறு. எது எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள், ஐஸ்கிரீம் கலவைக்கு வைத்திருக்கும் பிரிக்ஸ் மீட்டரில் வரும் எண்ணை அப்படியே விழுக்காடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மிதவை மானி புரோப்பிலீனுக்கு உதவாது. ஒரு அளவுக்கு மேல் கெட்டியாக ஆக அதன் அடர்த்தி ஏறாமல் திரும்ப இறங்கும், மானி பொய் சொல்லும். மாதம் ஒருமுறை ஒரு சொட்டு கண்ணாடியில் விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு எங்கே நிற்கிறது என்று லாக் புக்கில் தேதியோடு எழுதுங்கள். கூடவே அமிலத்தன்மையும் சக்ஷன் பிரஷரும். அந்த மூன்று எண்களும் தொடர்ந்து கையில் இருந்தால் அடுத்த சித்திரையில் எனக்குப் போன் செய்ய வேண்டியிருக்காது.

அப்படியும் கூலிங் எடுக்கவில்லை என்றால் கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வருகிறேன். டிரம்மின் மூடியை மட்டும் நான் வரும்வரை திறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்களோடு சில்லர் பார்க்கும் ஒருவன்